நீயாவது எடு

1

ஊரில் இருப்பவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எனக்கே பாதிதான் விளங்கியிருக்கிறது. ஆனாலும் காரைக்காலில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்று தம்பி போனில் சொன்னான். "சொல்தா வீட்டு மருமவ பிரான்சுல பாட்டுக்காரியாயிட்டாளாம்" என்று மீன் மார்க்கெட்டில் பேச்சாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். என் மாமனார் சொல்தா. அந்த வழியில் என் வீட்டுக்காரருக்கும், கிளிஞ்சல்மேட்டு மீனவக் குப்பத்தில் பிறந்து அவரைக் கட்டிய எனக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி வந்தது. மற்றபடி நான் பாட்டுக்காரி இல்லை. பாரிஸ் புறநகரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

போன மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் கேன்டீனில் மீன். முள் எடுத்து, தோல் எடுத்து, மீன் என்கிற ஞாபகத்தையும் எடுத்துவிட்ட வெள்ளைத் துண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பகுதிநேரமாக வருகிற கல்லூரிப் பெண் ஒருத்தி தட்டை நீட்டியபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காதில் ஒரு பக்கம் பாட்டுக் கருவியின் ஒயர் தொங்கியது.

"நீயாவது எடு... நீயாவது எடு..."

நான் யோசிக்கவே இல்லை. "இந்தாம்மா, எடுத்துக்க" என்று தமிழிலேயே சொல்லி, இன்னொரு துண்டு மீனை அவள் தட்டில் வைத்துவிட்டேன். அதன் பிறகுதான் கை நின்றது. பொன்னிறத் தலைமுடி, மூக்கில் வளையம், தமிழ்நாட்டை வரைபடத்தில்கூடப் பார்த்திராத பெண். இவள் எப்படித் தமிழில் பேசினாள்?

என்ன பாடினாய் என்று கேட்டேன்.

"ஒரு பாட்டு, மதாம். ரென் நகரத்துக் குழு ஒன்று. அந்த ஒரு வரி மட்டும் என்ன மொழி என்று தெரியவில்லை. ஐஸ்லாந்து மொழியாக இருக்கும் என்று நினைக்கிறேன்" என்றாள். நான் முழிப்பதைப் பார்த்து, ஒயரைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

முதலில் கனமாக, ஒரே சீராக, தும் தும் தும் என்று ஒரு கம்பி அதிர்ந்தது. அதன் மேல் தகரத்தை நகத்தால் கீறுவது மாதிரி ஒரு கிட்டார். ஒரு பெண் ஆங்கிலத்தில், நோட்டீஸ் படிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் ஏதோ சொன்னாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது என் மகள் குரல். பிறகு எல்லாம் சட்டென்று நின்று, யாரோ ஒரு பொம்பளை அலறினாள். "சுசி, போனை எடு... கடலு ஊருக்குள்ள வந்துடுச்சாம்டி... நீயாவது எடு, நீயாவது எடு..."

அந்தப் பொம்பளை நான்.

வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைகள் கத்தினார்கள். நான் கரண்டியிலிருந்த சாஸைத் தட்டில் ஊற்றாமல் என் ஏப்ரனில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

2

சுசீலா எங்களுக்கு ஒரே பெண். வீட்டில் சுசி. பள்ளிக்கூடத்தில் 'சுஸிலா'. பிரான்சின் மேற்கே பிரிட்டனி பக்கம் ரென் என்ற ஊருக்குச் சட்டம் படிக்கப் போனாள். கொஞ்ச நாளில் சட்டம் போய், கிட்டார் வந்தது. அதுவும் எல்லாரும் வைத்திருக்கும் கிட்டார் இல்லை. நாலே நாலு தடித்த கம்பி. பேஸ் கிட்டார் என்றாள். இப்போது மேடையில் அவள் பெயர் வெறும் 'ஸூ'. வீட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக பெயர் கரைந்துகொண்டே வருகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

அவளோடு குழுவில் மூன்று பேர். கிட்டாருக்கு யான் என்ற பிரிட்டனிப் பையன், டிரம்ஸுக்கு ஒருவன், கீபோர்டுக்கு ஒரு பெண். குழுவின் பெயர் கோல்ட் ஜெட்டி. ஜெட்டி என்றால் எனக்குத் தெரியும், படகு அணைக்கிற இடம். என் வீட்டுக்காரருக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்து, "இந்தப் பேரை ஊர்ல போய்ச் சொல்லிடாத" என்றார்.

முதன்முதலில் அவர்கள் பாட்டை எங்களுக்குப் போட்டுக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கோழிக்குழம்பு. பாட்டு முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இது என்ன வகைப் பாட்டு?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"போஸ்ட்-பங்க், அப்பா."

அவர் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். "போஸ்ட் எனக்குத் தெரியும். பங்க் உன் மாமனுக்குத் தெரியும், தினம் போய் டீசல் அடிக்கிறான். ரெண்டையும் ஏன் சேத்தீங்க?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். அவள் பிறப்பதற்கு முன்னால் இங்கிலாந்தில், ஆலைகள் மூடிய மழைக்கால ஊர்களில், வேலை இல்லாத பிள்ளைகள் இப்படி வாசிக்க ஆரம்பித்தார்களாம். கோபமாகக் கத்தி ஓய்ந்த பிறகு வருகிற பாட்டாம் இது. பேஸ் முன்னால் நடக்குமாம், கிட்டார் பின்னால் நின்று கீறுமாம். பாடுகிறவள் சிரிக்கக் கூடாதாம்.

"நீ இங்கிலாந்தும் இல்ல, ஆலையும் இல்ல. பிரெஞ்சு ஊர்ல இருந்துக்கிட்டு ஏன் இங்கிலீஷ்ல பாடுற?" என்று கேட்டேன்.

"பிரெஞ்சுல பாடினா சிரிப்பா இருக்கும்மா."

"தமிழ்ல?"

நாங்கள் மூன்று பேரும் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

இந்த ஊரில் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு போவதில்லை. நல்ல முறையில், முத்தம் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை வராமல் போனார்கள் என்பதுதான் நமக்குத் தெரியாது.

3

அந்தப் பாட்டில் நான் கத்துகிற நாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஊரில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. டிவியில் தாய்லாந்தைக் காட்டினார்கள், இலங்கையைக் காட்டினார்கள். காரைக்கால் என்ற பெயரே வரவில்லை. பக்கத்துப் புறநகரில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் போன் செய்து, "கிளிஞ்சல்மேட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சாம்மா" என்றார்.

தம்பி செல்வத்துக்குப் போட்டேன். இந்த எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு பெண் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிதானமாகச் சொன்னாள். திரும்பத் திரும்ப அவளேதான் பேசினாள். பெரியப்பா வீடு, டெலிபோன் பூத், பள்ளித் தோழி வீடு என்று தெரிந்த எண்ணுக்கெல்லாம் போட்டேன். கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் மகளுக்குப் போட்டேன். ரென்னில் இருக்கிற மகள் கிளிஞ்சல்மேட்டைப் பற்றி என்ன சொல்லப் போகிறாள்? ஆனால் யாராவது ஒருத்தர் "அலோ" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளும் எடுக்கவில்லை. குறியொலிக்குப் பிறகு பேசு என்று மெஷின் சொன்னது. பேசினேன். என்ன பேசினேன் என்று அப்போதே மறந்துவிட்டது.

செல்வம் பிழைத்தான். கருவாடு காயப்போடக் கரைக்குப் போயிருந்த அவன் பொண்டாட்டி காமாட்சி போய்விட்டாள்.

இதுதான் அந்த நாள். இதைத்தான் ஒரு பெண் மீன் துண்டுக்குக் காத்திருந்தபடி முணுமுணுத்தாள்.

சுசியைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். ரயில் ஏறி வந்தாள். கதவைத் திறந்ததுமே கேட்டுவிட்டேன்.

"என் குரலை என்னைக் கேக்காம எடுத்திருக்க."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ."

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிருக்க."

கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அன்னைக்கு நான் எடுக்கலம்மா. முந்தின நாள் வாசிச்சுட்டு வந்து எல்லாரும் தூங்கிட்டு இருந்தோம். போன் கோட்டுப் பாக்கெட்டுல. எந்திரிச்சுப் பாத்தா நீ இருந்த. அதுக்கப்புறம் அதை அழிக்க முடியல. அடிக்கடி எடுத்துக் கேப்பேன். ஒரு நாள் யானுக்குப் போட்டுக் காமிச்சேன். அவனுக்கு ஒரு வார்த்தை புரியல. ஆனா அழுதுட்டான்."

"செத்த வீட்டை வச்சு நீங்க டான்ஸ் ஆடுறீங்க."

"ஆடுவாங்கதான். ஆனா அது ஆட்டம் இல்லம்மா. அது..."

அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்கு மாறினாள். நீளமாக, வேகமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். எனக்குக் கேன்டீன் பிரெஞ்சு தெரியும், நகராட்சி அலுவலகப் பிரெஞ்சு தெரியும், மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியும். அவள் பேசியது அந்த மூன்றும் இல்லை. அவளுக்கோ சாப்பிடுவதற்கும் திட்டு வாங்குவதற்கும் உண்டான தமிழ்தான் தெரியும். அவள் முடித்தபோது கண் சிவந்திருந்தது. நான் "சாப்பிட்டியா?" என்றேன். வேறு என்ன கேட்பது?

4

ஜூன் மாதம் இங்கே ஒரு நாள் ஊர் ஊராகத் தெருவில் பாட்டு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், போலீஸ் கேட்காது. அன்று ரென்னுக்கு வாருங்கள் என்று சுசி கூப்பிட்டாள். நேரில் பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டு என்றாள். போனோம்.

வெயில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ரொட்டிக் கடைக்கு முன்னால், தரையில் போட்ட பலகைதான் மேடை. நல்ல வெயிலில் கூட்டம் முழுக்கக் கறுப்புச் சட்டை, குச்சிக் கால்சட்டை. என் வீட்டுக்காரர் கையோடு கொண்டுவந்த பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டார். சுசி பேஸை முழங்கால் வரை தொங்கவிட்டு, ஒருவரையும் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துப் பாடினாள். வீட்டில் இருக்கிற சுசி நொடிக்கு ஒரு தரம் தலைமுடியை ஒதுக்குவாள். இவள் ஒரு தரம்கூட ஒதுக்கவில்லை. டிரம்ஸ்காரன் இயந்திரம் மாதிரி ஒரே அடியை அடித்தான். எல்லாப் பாட்டும் எனக்கு ஒரே பாட்டாகத்தான் கேட்டது.

கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. ஆரம்பக் கம்பி அதிர்ந்ததுமே கூட்டம் கை தூக்கியது. இசை நின்றது. ஒலிபெருக்கியில் நான் கத்தினேன். வீதி பூராவும் கேட்கும்படி கத்தினேன். ரொட்டிக் கடைக்காரி வெளியே வந்து பார்த்தாள். பிறகு அத்தனை பேரும் சேர்ந்து, உச்சரிப்பைக் கொன்று, "நீ யாவ தெடூ" என்றார்கள். திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

நிறுத்துங்கள் என்று கத்தத் தோன்றியது. அதே நேரம் இன்னொன்றும் தோன்றியது. அன்று ஒருவரும் எடுக்கவில்லை. இப்போது இத்தனை பேர் பதில் சொல்கிறார்கள். என்ன கேட்கிறேன் என்று தெரியாமல் சொல்கிறார்கள். இது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

பக்கத்தில் என் வயதுள்ள ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் நிறத்தையும் பொட்டையும் பார்த்து, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பிரெஞ்சில் போனை எடுப்பதற்கு ஒரு சொல், பொருளை எடுத்துக்கொள்வதற்கு வேறு சொல். பதற்றத்தில் நான் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். 'நீயாவது எடுத்துக்கொள்.' அவள் யாரோ தனக்கு எதையோ கொடுத்ததுபோல் நெஞ்சில் கை வைத்து "மெர்சி" என்று நன்றி சொன்னாள். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த சுற்று அடி ஆரம்பித்துவிட்டது.

"உன் காலைப் பாரு" என்று என் வீட்டுக்காரர் இடித்தார். பார்த்தேன். என் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

5

இங்கிலாந்தில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி அந்தப் பாட்டை வெளியிடக் கேட்டது. சுசிக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ஊர்ப் பாட்டைக் கேட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டார்களோ அந்த ஊரே கூப்பிடுகிறது. ஆனால் குரலுக்குச் சொந்தக்காரி கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதற்காகப் பாட்டுரிமையைப் பதிவு செய்கிற அலுவலகத்துக்குப் போனோம்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மிக மரியாதையாகக் கேட்டாள். "மதாம், நீங்கள் பாடகியா?"

"இல்லை."

"நடிகை?"

"கேன்டீனில் வேலை."

"ஆனால் இந்த வரிகள் உங்களுடையவை. அப்படியானால் நீங்கள் பாடலாசிரியர்."

"நான் என் மகளுக்குப் போன் செய்தேன்."

அவள் கணினியில் தேடினாள். போன் செய்தவர் என்று ஒரு வகை அங்கே இல்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் வந்து, பாடகியா என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் பாடலாசிரியர் என்றே போட்டுப் பேனாவை நீட்டினார்கள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இப்ப என்னம்மா?" என்றாள் சுசி.

"குரல் என்னோடது. சரி. அந்த நாள் என்னோடது இல்ல. உன் மாமாவோடது. அவன் கேக்கட்டும்."

"போன்ல போட்டுக் காமிக்கிறேன்."

"போன்ல வேணாம்."

அவள் முகம் சுருங்கியது. மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. கம்பெனி இந்தப் பாட்டுக்காகத்தான் அவர்களைக் கூப்பிட்டது. யானும் மற்றவர்களும் அதை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலைகளை விட்டிருந்தார்கள். அது எனக்கும் தெரியும். அலுவலகப் பெண் எங்கள் தமிழுக்கு நடுவே பேனாவை நீட்டியபடியே இருந்தாள்.

"மாமா வேணாம்னா?" என்றாள் சுசி.

"வேணாம்னா வேணாம்தான்."

படிக்கட்டில் அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். ஆனால் ஆகஸ்ட் மாதம் டிக்கெட் எடுத்தது அவள்தான்.

6

யானும் வந்தான். காரைக்கால் லாட்ஜில் அவனைத் தங்க வைத்தோம். யார் இந்தப் பையன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கூட வாசிக்கிறவன்" என்றேன். கேட்டவர்கள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. கடைத்தெருவில் ஒரு வயதான சொல்தா அவனைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்று பிரெஞ்சில் நீளமாக வரவேற்றார். யான் பணிவாகக் கேட்டுவிட்டு, "என்ன மொழி பேசினார்?" என்று என்னிடம் கேட்டான். அவர் பேசியது பட்டாளத்துப் பழைய பிரெஞ்சு. அதை நான் அவனுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

கிளிஞ்சல்மேட்டில் செல்வத்துக்கு இப்போது கரையிலிருந்து தள்ளிக் கட்டிக்கொடுத்த காலனி வீடு. காமாட்சி போன மறு வருஷமே சொந்தக்காரர்கள் பேசி அவனுக்கு வசந்தாவைக் கட்டிவைத்திருந்தார்கள். வசந்தாவும் அதே ஊர்தான். அவள் புருஷனும் அன்றைக்குத்தான் போனான். ராஜேஸ்வரி என்ற பெண் குழந்தையோடு இருந்தவள். நான் அவளோடு அதிகம் பழகியதில்லை. போனில் "அண்ணி, நல்லாருக்கீங்களா?" என்பதோடு சரி.

செல்வம் விடியக்காலை கடலுக்குப் போய்த் திரும்பி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். வசந்தா பின்வாசல்படியில் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு முயன்றும் நேராகச் சொல்ல வரவில்லை. சுற்றிச் சுற்றிச் சொன்னேன்.

"போடு, கேப்போம்" என்றான்.

சுசி கம்ப்யூட்டரைத் தரையில் வைத்துப் பாட்டைப் போட்டாள். தலையைக் குனிந்து கேட்டான். என் குரல் வந்ததும் நிமிர்ந்தான்.

"யாரு இந்தப் பொம்பள?"

"நாந்தான்டா."

"நீயா? ஏங்க்கா இப்புடிக் கத்துற?" மறுபடி போடச் சொல்லிக் கேட்டான். "இந்த அடி நம்ம எஞ்சின் ஓடுற மாரி இருக்கு. எஞ்சின் சத்தத்துல பேசணும்னா இப்புடித்தான் கத்தணும்." பிறகு சுசியைப் பார்த்து, "பாட்டு இல்லாம இருக்கா? அக்கா பேசுனது மட்டும்?" என்றான்.

"இருக்கு மாமா."

"அதைப் போடு."

அவள் தயங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யான் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு போட்டாள்.

அன்று நான் என்ன பேசினேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "சுசி, போனை எடு. கிளிஞ்சல்மேட்டுல கடலு ஊருக்குள்ள வந்துடுச்சாம்டி. மாமா எடுக்கல. காமாட்சி அத்தையும் எடுக்கல. காமாட்சி கரைக்குப் போயிருப்பாளேடி... யாருமே எடுக்கல. நீயாவது எடு..."

பின்வாசலில் அரிவாள்மனைச் சத்தம் நின்றுவிட்டது. செல்வம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வசந்தா மீன் கையோடு உள்ளே வந்தாள். "பாட்டுல காமாட்சி அக்கா பேரு வரலியே, பாப்பா?"

"வெட்டிட்டேன் அத்தை."

"ஏன்?"

"மாமாவுக்குக் கஷ்டமா இருக்கும்னு. அப்புறம்... நீங்களும் இருக்கீங்க."

"நான் இருந்தா என்னவாம்? அக்கா படத்துக்கு நாந்தானே பூ வக்கிறேன். கடலு வந்துச்சு, போன எடுன்னு மொட்டையா இருந்தா யாருக்குன்னு தெரியும்? பேரைச் சேரு."

சுசி மாமாவைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தபடியே, "அவ சொல்றதுதான் சரி. பேரு இருக்கட்டும்மா. பேரு இருந்தா வெளியில விடு" என்றான். எழுந்து சட்டையை மாட்டினான். யானின் தோளைத் தொட்டு, "வாப்பா, படகைப் பாத்துட்டு வருவோம்" என்று தமிழிலேயே கூப்பிட்டான். யான் கேள்வி கேட்காமல் செருப்பைத் தேடினான்.

நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது என்று நான் பெருமூச்சு விட்டேன். சுசி அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் வசந்தா மீனுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றாள்.

"பாப்பா, அதுல இன்னொரு பேரு சேக்க முடியுமா?"

"யாரு பேரு அத்தை?"

வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "எங்க ராஜேஸ்வரியோட அப்பா பேரு. அவங்களையும் அன்னைக்கு யாரும் போன்ல தேடல. எங்ககிட்டதான் போனே இல்லியே."

சுசி பையிலிருந்து சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தாள். "சொல்லுங்க அத்தை."

வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யய்யோ, நானா? நான் அவுங்க பேரைச் சொன்னதே இல்லியே. அண்ணி, நீங்க சொல்லுங்க."

"எனக்கு அவர் பேரு தெரியாதும்மா" என்றேன். அது உண்மை. எங்களுக்கு அவர் வசந்தாவின் முதல் புருஷன், அவ்வளவுதான்.

"எழுதித் தரவா?"

"எழுதினா பாட்டுல வராது அத்தை" என்றாள் சுசி.

எனக்கு அவள் சங்கடம் புரிந்தது. வீட்டுக்காரர் பெயரை நானும் வாயால் சொன்னதில்லை. பிரான்சுக்குப் போன புதிதில், அலுவலக ஜன்னலில் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோது நாக்கு புரளவில்லை. பெயர் தெரியாமலா கட்டிக்கொண்டாய் என்பதுபோல அந்த அதிகாரி பார்த்தார். அதை வசந்தாவிடம் சொன்னேன். "அப்புறம் சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "ஒண்ணும் ஆவலியே?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

கையில் ஒட்டியிருந்த செதிலைக் கழுவிவிட்டு வந்தாள். பின்கதவைச் சாத்தினாள். கருவியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"விழல அத்தை. கொஞ்சம் சத்தமா."

"முருகையன்" என்றாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டால் பிள்ளை சொல்வதுபோல இருந்தது. சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு, நாங்கள் கேட்காமலே, கண்ணை மூடிக்கொண்டு, கரையிலிருந்து படகில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"முருகையா...!"

பக்கத்து வீட்டில் யாரோ "என்ன வசந்தா?" என்று கேட்டார்கள். சுசியின் கை கருவியை இறக்கவில்லை.

சுசி கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தில் மறுநாள் கையெழுத்தைப் போட்டேன். பாடலாசிரியர் என்ற இடத்தில்தான் போட்டேன். பாட்டு இப்போது இங்கிலாந்தில் இரண்டு பெயர்களோடும் வெளிவந்திருக்கிறது. அதைக் கேட்டு அங்கே யார் என்ன நினைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அது துக்கமா, கச்சேரியா, என் மகளின் பிழைப்பா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காரைக்காலில் கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

அன்று வசந்தா கண்ணைத் திறந்ததும் கருவியைத்தான் முதலில் பார்த்தாள்.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அத்தை."

"போடு, கேப்போம்."

சுசி போட்டாள். சின்னக் கருவியிலிருந்து அவள் குரல் அவளுடைய பழைய புருஷனைக் கூப்பிட்டது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெளியே செல்வமும் யானும் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. நான் எழுந்து வாசல் பக்கம் போய், உள்ளே வர வேண்டாம் என்று தம்பிக்குக் கையைக் காட்டினேன். அவன் நின்றான். கூட வந்த யானின் கையையும் பிடித்து நிறுத்திக்கொண்டான்.

"இன்னொரு தடவ போடு, பாப்பா" என்றாள் வசந்தா.